பதிவாளர் பேண்ட் இல்லாமல் வந்த நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு கழிப்பறையில் கிடைத்தது.

நண்பன் ஒருவனின் பதிவுத் திருமணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். சீக்கிரமே போய்விட்டதால், கை கழுவலாம் என்று மாடியில் ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தால், கண்ணாடி முன்னால் ஒரு மனிதர். ஐம்பது வயது இருக்கும். இடுப்புக்கு மேலே ஒரு குறை சொல்ல முடியாது: வெள்ளைச் சட்டை, டை, சாம்பல் நிறக் கோட், படிய வாரிய ஈரத் தலை. இடுப்புக்குக் கீழே, சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுகிற, தொடையோடு ஒட்டிய கறுப்பு அரை டிரவுசர். அதற்கும் கீழே பளபளவென்று பாலிஷ் போட்ட ஷூ. கையில் போன். ஒரு எண்ணை அழுத்துவார், மணி அடிப்பதற்குள் துண்டிப்பார், மறுபடியும் அழுத்துவார், மறுபடியும் துண்டிப்பார்.

என்னைப் பார்த்ததும் கூச்சப்படுவார் என்று நினைத்தேன். அவரோ மேலிருந்து கீழாக என்னை ஒரு பார்வை அளந்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. உங்க இடுப்பு எத்தனை?"

"முப்பத்தெட்டு," என்றேன். கேட்ட தோரணையில் பதில் தானாக வந்துவிட்டது.

"எனக்கு முப்பத்திரண்டு," என்றார், நானே வேண்டுமென்று பெருத்துவிட்டதைப் போல.

கொஞ்ச நேரம் கழித்து அதே மனிதர் மண்டபத்தில் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து என் நண்பனுக்குத் திருமணம் செய்துவைத்தார். அவர்தான் பதிவாளர். சாம்பல் கோட்டுக்குக் கீழே, காவலாளிகள் போடுகிற நீல பேண்ட், பக்கவாட்டில் சிவப்புப் பட்டையோடு, கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் விடுகிற கதை. அந்த மனிதர் இதைப் படிக்க நேர்ந்தால் மன்னிக்க வேண்டும். ஆனால் ஒன்று சொல்கிறேன் சார், பேண்ட் இல்லாததில் எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. மறதி எல்லோருக்கும் உண்டு. அந்த போனை ஏன் துண்டித்துத் துண்டித்துப் போட்டீர்கள்? அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

2

முதல் தொடக்கம்:

"சைக்கிளில் வேலைக்குப் போகிறவனுக்கு இரண்டு உடம்புகள். ஒன்று வியர்ப்பதற்கு, மற்றொன்று"

சீ. வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் புத்தகத்தை அங்கேயே மூடியிருப்பேன்.

இரண்டாவது தொடக்கம்:

"மாலையில் கணவரின் பையைத் திறந்தவள், காலையில் தான் மடித்த மடிப்புக் கலையாமல் சட்டை அப்படியே இருப்பதைப் பார்த்தாள். அன்று அதை யாரும் உடுத்தவில்லை."

வரி நன்றாகத்தான் இருக்கிறது. தொல்லை என்னவென்றால் அடுத்த வரியை நீங்களே சொல்லிவிடுவீர்கள். வேலை போய்விட்டது, வீட்டில் சொல்லவில்லை, பகல் முழுக்கப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். நீங்கள் சொல்லக்கூடிய கதைக்கு நான் எதற்கு?

மூன்றாவதில் அவரை டிவியில் செய்தி வாசிப்பவராக மாற்றினேன். சைக்கிளில் வருகிறார், பையைத் திறக்கிறார், பேண்ட் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்தியை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். முடிந்தது கதை. பேண்ட் தேவைப்படாத மனிதரிடமிருந்து பேண்ட்டைப் பிடுங்கி யாருக்கு என்ன லாபம்?

ஆகவே பதிவாளர் பதிவாளராகவே இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கும் ஏச்சு விழுந்தது. என் அக்காதான் என் கதைகளுக்கு முதல் வாசகி. போனில் நான் படிப்பேன், அவள் காய் நறுக்கிக்கொண்டே கேட்பாள். கத்திச் சத்தம் நின்றால் கதை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏன்டா, ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைக்கிறவருக்கு வீட்டுல பொண்டாட்டியோட பிரச்சினையா? ரொம்பப் பொருத்தமா இருக்கே, உனக்கே வெக்கமா இல்ல?"

"நானா வைக்கலக்கா. அவர் நிஜமாவே பதிவாளர்தான். கண்ணால பாத்தேன்."

"நிஜம்னு சொல்லிட்டா விட்டுடுவாங்களா?"

விடமாட்டீர்கள்தான். ஆனாலும் வைத்துக்கொள்கிறேன்.

3

பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பை புரியாவிட்டால் இந்தக் கதையில் எதுவும் புரியாது.

பதிவாளர் ஓட்டுவது வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோடு சைக்கிள். ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. அலுவலகத்தில் நாள் முழுக்க அவர் அடுத்தவர்களின் சந்தோஷத்துக்கு முன்னால் நேராக நின்றுகொண்டிருக்க வேண்டும். காலையும் மாலையும் அந்தச் சைக்கிளில் குனிந்து போகிற நேரம்தான் அவருடையது. அதில் அவரை யாரும் 'சார்' என்று கூப்பிடுவதில்லை. அந்த நேரத்தை விட்டுக்கொடுக்க அவரால் முடியாது.*

ஷூவும் டையும் கோட்டும் அலுவலகத்திலேயே இருக்கும். கோட் மட்டும் வாரக் கடைசியில் பஸ்ஸில் வீட்டுக்கு வந்து போகும். மற்றதெல்லாம், அதாவது சட்டை, பேண்ட், பெல்ட், சாக்ஸ், துண்டு, சாப்பாடு, தினமும் முதுகில்தான் போக வேண்டும்.

முன்பு பையை அவரே கட்டிக்கொண்டிருந்தார். கட்டினார் என்பது மரியாதைக்குச் சொல்கிற வார்த்தை. திணித்தார். சாப்பாட்டு டப்பா மேலே, பூட்டும் சங்கிலியும் அதற்கும் மேலே, துணியெல்லாம் அடியில் கசங்கிக் கிடக்கும். போன மழைக்காலத்தில் பாலத்துக்கு அடியில் திரும்பும்போது, அவர் ஒரு பக்கம் சாய, முதுகிலிருந்த பை இன்னும் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. விழுந்ததில் தோளின் முன்பக்கம் காறை எலும்பு இரண்டாகிவிட்டது.

தூக்கிக்கொண்டு போன மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள் யார் என்று நினைக்கிறீர்கள்? அவர் மனைவிதான். ஸ்ட்ரெச்சரில் வருவது யார் என்று பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வேலை வேலைதானே. தோளைப் பலகையில் சரியாக வைத்தாள். கண்ணாடிக்குப் பின்னால் போய் நின்றாள். "மூச்சைப் பிடிங்க," என்றாள். "ம், விடுங்க," என்றாள். எல்லோருக்கும் சொல்கிற அதே குரல். பிறகு திரையில் தன் கணவனின் எலும்பு ஒடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து அழுதாள். பயத்தில் பாதி, ஆத்திரத்தில் பாதி.

எலும்பு கூடிய பிறகு அவர் மறுபடியும் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டுங்க. வேணாம்னு சொன்னா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவீங்க, அதையும் நான்தான் பாத்துட்டு உக்காந்திருக்கணும். ஆனா பையை இனிமே நான்தான் கட்டுவேன். நான் கட்டின பையில நீங்க கை வைக்கக் கூடாது. ஒரு சீப்பைக்கூட நீங்களா சொருகக் கூடாது. ஆபீஸ் போய்த்தான் திறக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றார். வேறு என்ன சொல்வார்?

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவள் கட்டுவாள். கனமானது எல்லாம் அடியில், முதுகெலும்பை ஒட்டி. மெத்தென்று இருப்பதெல்லாம் முதுகுப் பக்கம், எதுவும் குத்தாதபடி. சட்டையின் கையைப் பின்னால் மடக்கி, துண்டின் மேல் சுருட்டுவாள். பெல்ட்டை வட்டமாகச் சுற்றிக் காலருக்குள் வைப்பாள், காலர் நசுங்காது. அந்தச் சுருளை உள்ளே இறக்கிவிட்டு, மடிப்புப் பிசகாமல் பேண்ட்டைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு முதுகுப் பக்கம் செருகுவாள். அதோடு, "இந்த வயசுல இது ஒரு கேடு," என்று ஒரு திட்டையும் சேர்த்து ஜிப்பை இழுப்பாள். திட்டும் அந்தப் பையில் ஒரு சாமான் மாதிரிதான்.

(* சைக்கிளிலேயே ஒரு கேரியரை மாட்டினால் என்ன என்று உங்களில் ஒருவர் கேட்கிறீர்கள். எனக்கும் தோன்றியது. கடைக்குப் போய் விசாரித்தேன். கேரியரை முடுக்க அந்தச் சட்டத்தில் துளையே இல்லையாம். "சார், அது குதிரை. கழுதை வேணும்னா அந்தப் பக்கம் நிக்குது, பாருங்க," என்றார் கடைக்காரர்.)

(மனைவியை மட்டும் ஏன் 'அவள்' என்கிறாய் என்று அக்கா சண்டைக்கு வந்தாள். நியாயம்தான். எல்லா இடத்திலும் 'அவர்' என்று மாற்றிப் பார்த்தேன். யார் யாருடைய பேண்ட்டைத் தேடுகிறார் என்று எனக்கே பிடிபடவில்லை. அக்கா பொறுத்துக்கொள்ளட்டும்.)

4

அன்று காலை. பதிவாளர் அலுவலகம் வந்து சேர்ந்தார், சைக்கிளைப் படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினார், மாடிக் கழிப்பறையில் துண்டை நனைத்து உடம்பைத் துடைத்தார். சட்டையைப் போட்டார். சாக்ஸ். ஷூ. டை. கோட். பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்குள் கையை விட்டார். சாப்பாட்டு டப்பாதான் தட்டுப்பட்டது.

எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்தார். பையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறினார். ஒரு சீப்பு விழுந்தது.

'பாவம், மறந்துட்டா,' என்று நினைத்தார். சிரிப்புக்கூட வந்தது. கூப்பிட்டு நன்றாகக் கேலி பண்ண வேண்டும் என்று எண்ணை அழுத்தினார். மணி அடிப்பதற்குள் அந்த இரண்டாவது நினைப்பு வந்துவிட்டது.

அவளா மறப்பாள்? வலது, இடது என்று குறிக்காமல் ஒரு படம் எடுத்ததில்லை. பட்டனை அழுத்துவதற்கு முன், உடம்பில் நகை இருக்கா, பின்னு இருக்கா, சாவி இருக்கா என்று ஒருவர் விடாமல் கேட்கிறவள். அதோடு, மேசை இழுப்பறையில் எப்போதும் ஒரு மாற்றுப் பேண்ட் இருக்கும். போன வாரம் மழையில் அதைப் போட வேண்டி வந்தது. அது இப்போது தையல்காரரிடம் இருக்கிறது. ஜிப்பைத் தைக்கக் கொடுத்தது அவள்தான். அலுவலகத்தில் வேறு பேண்ட் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அப்புறம் நேற்றுப் பை கட்டும்போது அவள் திட்டவே இல்லையே?

துண்டித்தார்.

'பேண்ட் வைக்கலையா?' என்று சாதாரணமாகக் கேட்டுவிடலாம்தான். ஆனால் அவர் குரலில் இருக்கும் இன்னொரு கேள்வி அவளுக்குக் கேட்டுவிடும். நிஜமாகவே மறந்திருந்தால், என்னையா சந்தேகப்பட்டீங்க என்று மனசு விட்டுப்போகும். மறக்கவில்லை என்றால்? சைக்கிளை விட வேண்டும், இல்லாவிட்டால் பையை அவளிடமிருந்து பிடுங்க வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்தார். அழுத்தினார். துண்டித்தார். அப்போதுதான் கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு முப்பத்தெட்டு இடுப்பு உள்ளே வந்தது.

நான் உதவாமல் போனதும் அவர் காவலாளியைத் தேடிக்கொண்டு பின்பக்கப் படியில் இறங்கினார்.

"என்ன சார், பாதி ஆபீசரா நிக்கிறீங்க?"

"பேண்ட் வீட்டுலயே நின்னுடுச்சு."

"என்கிட்ட ரெண்டாவது செட்டு இருக்கு சார், துவைச்சது. இடுப்பு சரியா இருக்கும். உயரம்தான், நான் கட்டை, நீங்க நெட்டை." பதிவாளர் அதை மாட்டிக்கொண்டு நிமிர்ந்ததும் காவலாளி சுற்றி வந்து பார்த்தார். "பரவாயில்ல சார். மண்டபத்துல ஏதாவது களவு போனா என்னைக் கூப்பிடாதீங்க. நீங்களே பாத்துக்குங்க."

அடுத்தது மட்டும் நான் கண்ணால் பார்த்தது, முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். மணமக்களிடம் அவர் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் சொந்த விருப்பத்தின் பேரில்தான் வந்திருக்கிறீர்களா? வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டு அவர் காதுக்கே அது கேட்காமல் போயிருக்கும். அன்று கேட்டார். "ஆமாங்க," என்றாள் பெண். அவர் கையெழுத்துப் பக்கம் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்ணுக்குப் பயம் வந்துவிட்டது. என் நண்பனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மண்டபத்துக்கே கேட்கும்படி, "ஆமாங்க!" என்றாள் இன்னொரு தடவை.

5

இதுவரை படித்ததும் அக்கா கேட்டது:

"சரி, அவ மறந்தாளா, வேணும்னே வைக்காம விட்டாளா?"

"அதான்க்கா தெரியல."

"தெரியாமத்தான் எழுதுறியா?" கத்திச் சத்தம் நின்றது. கதை நன்றாக இருப்பதால் அல்ல. "ஒண்ணு கேக்குறேன். நீ எழுதுற பொம்பளைங்க மட்டும் ஏன்டா காரணத்தோடவே மறக்குறாங்க? போன மாசம் குடையை பஸ்ல விட்டுட்டு வந்தியே, அதுக்கு என்ன உள்ளர்த்தம்? நீ விட்டா மறதி. அவ விட்டா கதையா?"

அவள் சொல்வது சரி. முந்தின நாள் அந்த மனைவிக்கு டபுள் டியூட்டி. ஆள் வராததால் இவளே இரண்டு ஷிப்டும் நின்றாள் என்று நான் எழுதிவைத்திருக்கிறேன். கால் வலி, கண் எரிச்சல். வீட்டுக்கு வந்து கையும் காலும் தானாக வேலை செய்திருக்கும். ஒரு மனுஷி ஒரு நாள் மறக்கக் கூடாதா? உலகத்தில் அத்தனை சைக்கிள்காரர்களும் ஒரு நாளாவது எதையாவது வீட்டில் விட்டுவிட்டு வந்திருப்பார்கள். யாரும் யாரையும் விசாரணை செய்வதில்லை.

ஆனால் நான் மறைக்கிற காட்சி ஒன்று இருக்கிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

[முந்தின நாள் பிற்பகல், எக்ஸ்ரே அறை. சைக்கிளில் போய் அடிபட்ட ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். முதுகில் இன்னும் பை இருக்கிறது. அதை எடுத்தால்தான் படம் எடுக்க முடியும். அவள் கத்தரிக்கோலால் வாரை வெட்டுகிறாள். பை வாய் பிளந்து ஒரு சட்டை வெளியே வருகிறது. துண்டின் மேல் சுருட்டியது. காலருக்குள் பெல்ட். அவள் கட்டுவதைப் போலவே, அச்சு அசல், யாரோ ஒருத்தி கட்டியிருக்கிறாள். சட்டையைக் கசங்காமல் ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வந்து, "மூச்சைப் பிடிங்க," என்கிறாள். அவரால் பிடிக்க முடியவில்லை.]

இதைச் சேர்த்தால் அவள் வேண்டுமென்றே செய்தவளாகிவிடுகிறாள். எடுத்தால் வெறும் மறதி. மூன்று பிரதிகளில் சேர்த்தேன், மூன்றிலும் எடுத்தேன். கடைசியில் அடைப்புக்குறிக்குள் விட்டிருக்கிறேன். அக்கா கட்சிக்காரர்கள் அந்தப் பத்தியின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

6

மாலையில் பதிவாளர் திரும்பி வந்தார். வழியெல்லாம் ஒரு முடிவோடுதான் வந்தார்: ஒன்றும் சொல்வதில்லை. ஒரு நாள் பேண்ட் இல்லை, அவ்வளவுதானே, முடிந்தது. பையைக் கூடத்து நாற்காலியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

பாதித் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகுதான் உறைத்தது. காவலாளியின் பேண்ட்டைத் துவைத்துக் கொடுக்கலாம் என்று பையில்தான் வைத்திருந்தார். பையைப் பிரிப்பதும் அவள்தான்! சொல்லக் கூடாது என்று தீர்மானித்த மனிதர், சாட்சியை முதுகிலேயே சுமந்துகொண்டு வந்திருந்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு, தலையைக்கூடத் துவட்டாமல் வெளியே வந்தார்.

அவள் நீல பேண்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது யாருது?"

"வாட்ச்மேனோடது."

"அவர் பேண்ட்டு உங்க பையில எதுக்கு?"

"துவைச்சுக் குடுக்கலாம்னு..."

"அதைக் கேக்கல."

அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் அவரைப் பார்த்தாள், பிரித்துப் போட்ட பையைப் பார்த்தாள். விறுவிறுவென்று படுக்கையறைக்குப் போய் அலமாரியைத் திறந்தாள். ஹேங்கரில் கறுப்பு பேண்ட் தொங்கியது, போட்ட இஸ்திரி கலையாமல்.

"ஐயோ," என்றாள்.

அது எப்படிப்பட்ட ஐயோ என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு. மறந்தவளின் ஐயோவா, மாட்டிக்கொண்டவளின் ஐயோவா? தெரிந்தால் சொல்லமாட்டேனா?

"காலையிலயே ஒரு போன் பண்ணக் கூடாதா? பஸ் பிடிச்சுக் கொண்டாந்து குடுத்திருப்பேன்ல?"

"பண்ணேன். கட் பண்ணிட்டேன்."

"ஏன்?"

அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. சொல்லாததே அவளுக்குப் போதுமாக இருந்தது. முகம் சுண்டிவிட்டது.

"வேணும்னே வைக்காம விட்டுட்டேன்னு நினைச்சீங்க."

"இல்லம்மா, அப்படியில்ல..."

"நினைச்சீங்க."

"ஆமா."

இந்த இடத்தில் அவள் வெடிக்க வேண்டும். அக்காவும் அதைத்தான் எதிர்பார்த்தாள். நான் அரைப் பக்கம் சண்டை எழுதியும் வைத்திருந்தேன், நல்ல சண்டை, பழைய விஷயமெல்லாம் வெளியே வருகிற சண்டை. ஆனால் அவள் வாயில் அது ஒட்டவே இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள், யாரோ ஒருவரின் நீல பேண்ட்டை மடியில் வைத்துக்கொண்டு.

"வச்சதாத்தான் ஞாபகம். ஹேங்கர்லேருந்து எடுத்தேன், மடிப்பை நீவினேன், அதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு. அப்புறம் எப்படி அங்கயே போய் மாட்டிக்கிச்சு?"

"டபுள் டியூட்டி பாத்துட்டு வந்த. அசதி."

"அசதின்னுதான் நானும் எனக்குச் சொல்லிப் பாக்குறேன்." மடியிலிருந்த பேண்ட்டின் சிவப்புப் பட்டையை நீவினாள். "மறந்தேனா, மறக்கணும்னு இருந்தேனா, எனக்கே தெரியலைங்க."

பதிவாளர் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளுக்குப் பயம் இருப்பது அவருக்கு எப்போதும் தெரியும். அது இவ்வளவு ஆழத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. அவள் மேல் இரக்கம் வந்தது. கூடவே, வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், கொஞ்சம் பயமும் வந்தது.

"இனிமே நானே கட்டிக்கிறேனே."

"கட்டுங்க. போன தடவை நீங்க கட்டினதுக்கு நான்தான் படம் எடுத்தேன்."

"அப்ப நீயே கட்டு."

"நீங்க கட்டினா எனக்குப் பயம். நான் கட்டினா உங்களுக்குப் பயம். என்னதான் பண்றது, சொல்லுங்க."

"சைக்கிளையே விட்டுடட்டுமா?"

நிஜமாகத்தான் கேட்டார். அவளுக்கும் அது தெரிந்தது. அவர் ஈரத் தலையைத் தன் முந்தானையால் துவட்டிவிட்டாள்.

"வேணாம். அப்புறம் பஸ்ல போய்ட்டு வந்து தினமும் என் மூஞ்சியைப் பாப்பீங்க. அதுக்கு நான் ஆள் இல்ல."

அன்று சாயங்காலமும் அவள்தான் பையைக் கட்டினாள். பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றக் கூடாது என்று அவர் கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். உள்ளேயிருந்து ஜிப் சத்தம் வந்தது. திட்டு எதுவும் வரவில்லை.

7

இனி முடிவு. இதுவரை எழுதியவற்றை உங்கள் முன்னால் வைக்கிறேன்.

காலையில் அவர் பையைத் திறந்து பார்க்கிறார், பேண்ட் இருக்கிறது, இருவரும் சிரிக்கிறார்கள். அக்காவுக்கு இது பிடித்தது. "திறந்து பாத்தா என்னவாம்? கல்யாணம்னா பரீட்சையா?" என்றாள். ஆனால் நாளைக்கும் திறந்து பார்ப்பாரா? நாளை மறுநாள்? ஒரு முறை திறந்தால் தினமும் திறக்க வேண்டும்.

திறக்காமல் போகிறார், அங்கே போய்ப் பார்த்தால் மறுபடியும் பேண்ட் இல்லை. இதை ஒரு கோபத்தில் எழுதினேன். அவர்கள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லையே என்று அடித்துவிட்டேன்.

கடைக்குப் போய் இன்னொரு கறுப்பு பேண்ட் வாங்கி, அலுவலக மேசைக்குள் ஒளித்து வைத்துக்கொள்கிறார். இதுதான் புத்திசாலித்தனம். நீங்களும் நானும் இதைத்தான் செய்வோம். ஆனால் அவளுக்குத் தெரியாமல் அவர் வைத்திருக்கும் முதல் பொருளாக அந்தப் பேண்ட் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு அவரை நிற்க வைக்க எனக்குக் கை வரவில்லை.

அதனால், இப்படி.

காலை. வாசல் கதவு திறந்திருக்கிறது. அவர் ஹெல்மெட்டின் வாரை மாட்டிக்கொண்டு பையைத் தூக்குகிறார். சாப்பாடு, துண்டு, துணி எல்லாம் சேர்ந்த கனத்தில் ஒரு பேண்ட் இருக்கிறதா இல்லையா என்று கைக்கு எப்படித் தெரியும்? அவள் சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள். தொட்டியில் கழுவ ஒரு பாத்திரமும் இல்லை. அவர் ஜிப்பை இழுத்தால் அந்தச் சத்தம் தனக்குக் கேட்கக் கூடாது என்பதற்காகத் தண்ணீர் ஓடுகிறது.

அவருக்கு அது புரிகிறது. ஜிப்பின் நாக்கில் விரலை வைக்கிறார்.

எடுத்துவிடுகிறார். பையை முதுகில் மாட்டி, நெஞ்சுக்குக் குறுக்கே கொக்கியைப் பூட்டுகிறார்.

"வரேன்மா."

"ம்."

போய்விட்டார். இவ்வளவு நேரம் அவர் பக்கத்திலேயே இருந்தேன். நியாயமாக அவர் பின்னாலேயே நானும் போக வேண்டும், சரிவில் இறங்கி, பாலத்தைத் தாண்டி. ஆனால் உள்ளே குழாய் நின்றுவிட்டது. நான் இங்கேயே நின்றுவிட்டேன்.

அவர் திறந்து பார்த்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் வலித்திருக்கும். வலித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கும். பார்க்காமல் போனதுதான் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சரிபார்க்கவில்லை. இனி சரிபார்க்க அவளை விட்டால் ஆள் இல்லை. வைத்தோமா? வைத்தோம். ஹேங்கரிலிருந்து எடுத்தோம், மடிப்பை நீவினோம், நன்றாக ஞாபகம் இருக்கிறது. முந்தாநாளும் இப்படித்தான் ஞாபகம் இருந்தது.

ஈரக் கையோடு படுக்கையறைக்கு ஓடுகிறாள். அலமாரி முன்னால் வந்து நிற்கிறாள். உள்ளே பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தால் அடுத்த பஸ்ஸைப் பிடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் பஸ் இப்போது அவள் கவலை இல்லை. தன் கை தன் சொல்லைக் கேட்கிறதா என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். கைப்பிடியைப் பிடித்துவிட்டாள். இழுக்கவில்லை.

எழுதுகிறவன் நான், திறக்க வேண்டியவனும் நான்தான். என்னால் முடியவில்லை. தன்னைப் பற்றி அவளே தெரிந்துகொள்ளாத ஒன்றை அவளுக்கு முன்னால் நான் தெரிந்துகொள்வது முறையாகப் படவில்லை.

நீங்கள் திறங்கள். ஆனால் கொஞ்சம் மெதுவாகத் திறங்கள். அவள் முகம் அந்தக் கதவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.